இளஞ்சாயப் பதம்

நாகலிங்கம் அண்ணனுக்கு வாய் அதிகம். இதை அவர் கத்தி அடிக்கிற கம்மாலைக்குப் பக்கத்துக் கடையில் பதினாறு வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவள் என்கிற உரிமையில் சொல்கிறேன். எங்களுக்கு நடுவில் இருப்பது ஒரு பலகைச் சுவர். அவர் சுத்தியலால் அடிக்கும்போது என் ஊசிப் பெட்டி குலுங்கும். அடிக்காதபோது அவர் பேசிக்கொண்டிருப்பார்.

யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில், ரப்பர் மலை முடிந்து தேயிலை மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் சந்தி இருக்கிறது. தோட்டத்து ஆட்களும் நாட்டுச் சிங்கள ஆட்களும் வந்து போகிற இடம். கிழமைக்கு ஒரு தடவை நிஸார் தன் பழைய இரும்பு லொறியை அங்கே நிறுத்துவார். நாகலிங்கம் அண்ணன் லொறியில் ஏறி, கோழி குப்பையைக் கிளறுவதுபோல் கிளறி, நாலைந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு இறங்குவார். பிறகு ஒவ்வொன்றையும் கிரைண்டர் கல்லில் வைத்துப் பொறி பார்ப்பார்.

அந்தப் பொறியைப் பார்க்க நான் எத்தனையோ தடவை பாதித் தையலோடு எழுந்து போயிருக்கிறேன். வீடு கட்டுகிற கம்பியை வைத்தால் பொறி நீட்டுக் கோடாக ஓடி மங்கிப்போகும். லொறி ஸ்பிரிங் பட்டையை வைத்தால் பாதி வழியில் கிளை விடும். துருப்பிடிக்காத சட்டி இரும்பில் சிவந்த பொறி கொஞ்சமாகக் கிளம்பிக் காலடியிலேயே விழும். தேய்ந்த அரத்தை வைத்தாலோ கல்லைத் தொட்டவுடனே வெள்ளையாய்ப் பூத்து வெடிக்கும். ஒரு துண்டு இரும்பு தன் வயிற்றில் இருப்பதை இப்படி வெளியே கொட்டிக் காட்டுவது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். சாமி கும்பிடும்போது வராத பயபக்தி எனக்கு அந்தக் கிரைண்டர் முன்னால் வந்திருக்கிறது.

ஒரு நாள் கீழ்ச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருக்கிற தனுஜா வந்தாள். "நாகா அய்யே, மட்ட ஹொந்தம எக்க ஓன," என்றாள். தனக்கு நல்லதிலேயே நல்ல கத்தி வேண்டுமாம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவளுக்குத் தமிழும் வரும், ஆனால் பேரம் பேசும்போது மட்டும் சிங்களம்தான்.

"நல்லதுலயே நல்லதுன்னு ஒரு இரும்பு கெடையாது நங்கி. என்னா வெட்டப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க."

"எல்லாம் வெட்டணும். கொஸ் வெட்டணும், வெறகு பொளக்கணும், மீனும் வெட்டணும்."

"அப்ப மூணு கத்தி கேளுங்க. ஒரே ஆள கட்டிக்கிட்டு, அவரே சமைக்கணும், அவரே லொறி ஓட்டணும், அவரே கோயில்ல மேளம் அடிக்கணும்னா முடியுமா?"

தனுஜா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவருக்கு விளையாட்டே கிடையாது.

"இந்தா பாருங்க. வெறகுக்கும் பலாக்காய்க்கும் மன்னாக் கத்தி. அது லொறி ஸ்பிரிங்குல அடிக்கணும். அடிய வாங்கிக்கிட்டு ஒடையாம நிக்கும். அரத்துல அடிச்சா வாய் நல்லாத்தான் இருக்கும், ஒரு கணுவுல பட்டா ரெண்டாப் போயிரும். மீனுக்கு சட்டி இரும்பு போதும், உப்புத் தண்ணி பட்டாலும் துரு ஏறாது. ஆனா ரப்பர் மரத்துக்கு இந்தப் பால்வெட்டுக் கத்தி இருக்கே, அதுக்கு அரம்தான். ஸ்பிரிங்குல செஞ்சா ஒரு மலை வெட்டி முடிக்கிறதுக்குள்ள மழுங்கிடும். இரும்பு மட்டும் சரியா இருந்தாலும் பத்தாது. பதம் சரியா விழணும்."

அந்தப் பதத்தில்தான் அவருடைய பேர் இருந்தது. பழுத்த கத்தியை எண்ணெயில் முக்கி எடுத்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். அப்படியே விட்டால் உடையும். அதனால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கி, சிவக்கக் காய்ச்சிய ஒரு தடித்த இரும்பின் மேல் கத்தியின் முதுகை வைப்பார். சூடு முதுகிலிருந்து வாய்க்கு நடக்கும். நடக்கும்போது இரும்பின் மேல் நிறம் ஏறும். அந்த நிறங்களுக்கு அவர் வைத்த பேர்தான் எங்கள் சந்தி முழுக்க வழக்கம். முதலில் வருவது இளஞ்சாயம், அதாவது அரைக் கரண்டித் தேயிலை போட்ட வெறுந்தேத்தண்ணி நிறம். அடுத்து கடுஞ்சாயம். அதற்குப் பிறகு மங்குஸ்தான் தோல். கடைசியில் நீலம். பால்வெட்டுக் கத்திக்கு இளஞ்சாயத்தில் எடுக்க வேண்டும், இறைச்சிக் கத்திக்குக் கடுஞ்சாயத்தில், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற கத்திக்கு மங்குஸ்தானில். மன்னாக் கத்தியின் முதுகு மட்டும் நீலம் வரை போகலாம். ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த மூச்சில் கத்தியைத் தண்ணீரில் போட்டுவிடுவார்.

கம்மாலைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டில் அவரும், மனைவி சுப்பம்மா அக்காவும், மருமகள் அனிற்றாவும். மகன் சசி கொழும்பில் ஒரு வன்பொருள் கடையில் நிற்கிறான், மாதத்துக்கு ஒரு தடவை வருவான். அனிற்றா வேதக்காரப் பிள்ளை. கல்யாணத்தின்போது கொஞ்சம் முறுகல் இருந்தது. இப்போது பூசை அறையில் முருகனுக்குப் பக்கத்தில் மாதா நிற்கிறாள், இருவருக்கும் ஒரே பத்தி. அவள் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறாள். அவள் வெட்டுவது மாமனார் அடித்த கத்தியில். "எங்க மாமா கத்தி பட்டா மரத்துக்கு வலிக்காது," என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கேட்கச் சொல்கிறவள்.

போன கார்த்திகையில் அந்தப் பெருமழை வந்தது. மேல் லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது, பாலம் போனது, எங்கள் சந்தியில் கம்மாலைக் கூரைத் தகரம் முழுக்கக் காற்றில் பறந்து ரப்பர் மரங்களில் தொங்கியது. என் கடைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்காக நான் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் கொடுத்தேன். நிவாரணமாக, கூரையில் விரிக்க வீட்டுக்கு ஒரு நீலத் தறப்பாள் கிடைத்தது. நாகலிங்கம் அண்ணன் தன்னுடையதை வீட்டுக்குப் போடாமல் கம்மாலைக்குப் போட்டார். சாரல் அடிக்காமல் இருக்க மூன்று பக்கமும் தொங்கவிட்டுக் கல் வைத்துக் கட்டினார். முன்பக்கம் மட்டும் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது.

தை பிறந்தபோது கத்திகள் திரும்பி வரத் தொடங்கின.

முதலில் கவ்வாத்துக் கத்திகள். வாய் பல் பல்லாக உதிர்ந்து, எலி கடித்த ரொட்டி மாதிரி வந்தன. அவர் நம்பவில்லை. யாரோ கல்லில் போட்டிருக்கிறார்கள் என்றார். அடுத்த கிழமையும் அதே கதை. பதத்தில் இன்னும் கொஞ்சம் பொறுத்து எடுக்கலாம் என்று பொறுத்தார். இப்போது கத்திகள் உடையவில்லை, வளைந்தன. தனுஜா மன்னாக் கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "அய்யே, பிஹிய நெவெனவனே," கத்தி வளைகிறதே என்று சொல்லிவிட்டு, பாவம், அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. வாய் ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது.

நாகலிங்கம் அண்ணன் முதலில் இரும்பைத் திட்டினார். நிஸாரிடம் சண்டைக்குப் போனார்.

"நல்ல சாமான் எல்லாத்தையும் கொழும்புக்குக் குடுத்துட்டு கழிவ எனக்குக் கொண்டு வர்றீங்க."

"அண்ணே, நீங்கதானே லொறியில ஏறிப் பொறுக்குறீங்க. நான் ஒங்களுக்கு எடுத்துக் குடுத்த நாள் ஒண்டு சொல்லுங்க பாப்பம்."

பொறி பார்த்தார். அரம் அரமாகத்தான் பூத்தது, ஸ்பிரிங் ஸ்பிரிங்காகத்தான் கிளை விட்டது. பிறகு எண்ணெயைத் திட்டினார், புதுத் தேங்காயெண்ணெய் வாங்கி ஊற்றினார். வெள்ளத்தில் கிணறு கலங்கிவிட்டது என்று மேல் பீலியிலிருந்து தண்ணீர் சுமக்க வைத்தார். காற்று ஊதுகிற புளோவரைச் சுப்பம்மா அக்கா சரியாகப் பிடிக்கவில்லை என்றார். அன்றைக்கு அக்கா புளோவரைக் கீழே போட்டுவிட்டு, "நாளைக்கு ஒங்க அம்மாவ வந்து பிடிக்கச் சொல்லுங்க," என்று வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய அம்மா செத்துப் பல காலம். தேயிலை ஃபேக்டரிக்கு முன்னால் இருக்கிற ரோதை முனிச் சாமிக்கு அண்ணன் சேவல் நேர்ந்துகொண்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

கடைசியில் அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சுப்பம்மா அக்கா அவரைக் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுத்துப் படிக்கக் கண்ணாடி போடலாம், மற்றபடி கண் நல்ல கண் என்று சொல்லி அனுப்பினார்கள்.

"நல்ல கண்ணாம்," என்றார் அன்று சாயங்காலம் என் கடை வாசலில் உட்கார்ந்து. "நல்ல கண்ணுன்னா ஏன் கலர் தெரிய மாட்டேங்குது? முந்தி எடுத்தா ஒடையிது, பிந்தி எடுத்தா வளையிது. இன்னும் ஏறல, இன்னும் ஏறலன்னு பாத்துக்கிட்டே இருக்கேன் குமாரி. நடுவுல இருந்த அந்த ஒரு மூச்சு எங்க போச்சுன்னே தெரியல."

நான் எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அனிற்றாவின் வாளியில் அவர் அந்தக் கத்தியைக் கண்டது அதற்கு அடுத்த நாள். பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள், அதற்குள் சாக்குத் துணியில் சுற்றி ஒரு பால்வெட்டுக் கத்தி. பஸாரில் வாங்கியது, கைப்பிடியில் கடைக்காரன் ஒட்டிய விலைத் துண்டுகூடப் பாதி கிழிந்து இருந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று கேட்பார்கள். இங்கே கொல்லன் வீட்டு அடுப்படிக்குள்ளேயே கடைக் கத்தி வந்துவிட்டது.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் வரும் என்று நான் மெஷினை நிறுத்திக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு அனிற்றாவின் குரல் மட்டும் கேட்டது.

"மாமா, அது ஒங்களுக்கு வேலை கூடன்னுதான்... ஒங்க கத்தி வேண்டாம்னு இல்ல மாமா."

வாய் ஓயாத மனுஷன் பேசாமல் இருந்தால் அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி இருக்கும். இரவுச் சாப்பாட்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் அப்படியே கிடந்தன என்று அக்கா காலையில் சொன்னார். "என் மருமகளே நம்பாத கத்திய நான் எவனுக்கு விக்கிறது?" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம். விடிந்ததும் நிஸாருக்குப் போன் போட்டு, பட்டடையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டடை ஒரு துண்டு ரயில் தண்டவாளம். முப்பது வருஷம் அதில் அடித்து அடித்து அதன் முகம் குளத்துத் தண்ணீர் மாதிரி மினுங்கும். அது போனால் கம்மாலை போனது. நாகலிங்கம் அண்ணன் பிறகு யாருடைய கத்தியையும் தொட மாட்டார். அந்த ரோஷம் எனக்குத் தெரியும். தோட்டத்தில் புல் வெட்டப் போவார், அல்லது சசியோடு கொழும்புக்குப் போய் எங்காவது வாசலில் காவல் நிற்பார்.

"சொல்லிப் பாரு குமாரி," என்றார் அக்கா. "நீ சொன்னா திட்டுறதுக்காவது வாயத் தொறப்பாரு."

நான் போய்ச் சொன்னேன். வாயைத் திறக்கவில்லை.

நிஸார் பத்து மணிக்கு வந்தார். அவருக்கும் மனசில்லை. லொறியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, சும்மா டயரை உதைத்துக்கொண்டு நின்றார். "நாளைக்கு எடுக்கட்டா அண்ணே? இண்டைக்கு லொறியில பாரம் கூட," என்றார். லொறியில் நாலு பழைய சைக்கிளும் ஒரு குளிர்ப்பெட்டியும்தான் இருந்தன. "இப்பவே எடுங்க," என்று அண்ணன் தண்டவாளத்தைச் சுற்றியிருந்த மண்ணை அலவாங்கால் தோண்டத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து நான் சுப்பம்மா அக்காவின் சட்டையைக் கொண்டுபோனது எனக்கே இப்போது நினைக்க வெட்கம். ஆனால் மனசு கேட்கவில்லை. ஏதாவது சாக்கில் உள்ளே போக வேண்டும் போலிருந்தது. மாம்பழ மஞ்சள் துணி, அதற்கு நான் தேடித் தேடி எடுத்த மஞ்சள் நூல். அக்கா அழுத கண்ணோடு அதைத் தறப்பாளுக்குக் கீழே விரித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, எங்கேயோ இருந்த ஆத்திரத்தை என்மேல் இறக்கினார்.

"என்னாடி இது? மஞ்சத் துணிக்குப் பச்ச நூலப் போட்டு வச்சிருக்க? நாங்க இருக்கிற நெலமையில இதுபோதும்னு நெனச்சியா?"

யாரும் என் தையலைப் பற்றிக் குறை சொல்லலாம், அளவு பிழை என்று சொல்லலாம், தாமதம் என்று சொல்லலாம். நூல் நிறம் பிழை என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. நான் நூல் பார்ப்பது கடைக்குள்ளே அல்ல. துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கி, வெறும் பகல் வெளிச்சத்தில் பார்த்துத்தான் எடுப்பேன்.

"அக்கா, வெளிய வாங்க. வெளிய வந்து பாத்துட்டு அப்பறம் பேசுங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ரோட்டில் துணியும் நூலும் ஒரே மஞ்சளாக இருந்தன.

"இப்ப சொல்லுங்க. பச்சயா?"

அக்கா சட்டையோடு திரும்ப உள்ளே போனார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய், மறுபடி வெளியே வந்தார். கவலையில் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தேன். நாலாவது தடவை வந்தபோது அவர் கையில் சட்டை இல்லை. முந்தின கிழமை பதம் போட்டு, பிடி போடாமல் மூலையில் எறிந்த கத்திகள் இரண்டு இருந்தன.

"இங்க வாங்க," என்று கத்தினார். புருஷனைத்தான். "அந்த மண்ண விட்டுட்டு இங்க வாங்கங்கிறேன்!"

அண்ணன் அலவாங்கோடு வந்தார்.

"இத உள்ள வச்சுப் பாத்தப்ப என்னா கலர் சொன்னீங்க?"

"ஒண்ணும் ஏறல. வெள்ளையா இருந்துச்சு. அதான் ரொம்ப நேரம் விட்டேன்."

"இப்ப பாருங்க."

வெளிச்சத்தில் அந்தக் கத்தியின் வாய் முழுக்க நீலமாக இருந்தது. இரத்தினபுரியில் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற கல்லின் நீலம்.

"இது?"

"இது கறுத்துப்போச்சுன்னு அவசரமா எடுத்தது."

அதில் இளஞ்சாயம்கூடச் சரியாக ஏறியிருக்கவில்லை. அக்கா இரண்டையும் தறப்பாளுக்குக் கீழே நீட்டினார். ஏறாதது கறுத்துப்போனது, நீலமானது வெளுத்துத் துடைத்த மாதிரி நின்றது. வெளியே எடுத்தார், ஒவ்வொன்றும் தன் நிறத்துக்குத் திரும்பியது. மாயம் ஒன்றும் இல்லை, ஒரு நீலத் துணிதான். அது மூன்று மாதமாக ஒரு மனுஷனுடைய கண்ணை அவரிடமிருந்து எடுத்து வைத்திருந்தது.

அண்ணன் நம்ப மறுத்தார். "அப்ப நெருப்புல செவப்பு மட்டும் சரியாத் தெரியுதே?"

"நெருப்பு தன் வெளிச்சத்துல தெரியிது. இந்தக் கலர் பகல் வெளிச்சத்த வாங்கித்தானே காட்டணும்? நீங்க அதுக்கு நீலத்தக் குடுத்தா அது என்னாத்தக் காட்டும்?" என்றார் அக்கா.

நிஸார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அல்லாவே," என்றார். "அப்ப கூடம் மெய்யாவே கோணல்தான் அண்ணே."

அதற்கு மேல் யாரும் அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கத்தி அடிக்க மிச்சமிருந்த ஒரே பழைய அரத்தை எடுத்தார். அக்கா புளோவரைப் பிடித்தார். பாதி தோண்டிய தண்டவாளம் ஆடியபடியே இருந்தது. நிஸார் அதன் காலில் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, தானே காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார். கத்தி உருவானதும் நுனியை மடக்கி, வாய்க்கால் போல் வளைத்தார். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். தேய்க்க வைத்திருக்கிற அரத்தை அதன் வாயில் ஓட்டிப் பார்த்தார். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கியது. கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினார்.

பிறகு சிவக்கக் காய்ச்சிய தடித்த இரும்பைக் குறட்டால் பிடித்து ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்து ஒரு கல்லின் மேல் வைத்தார். கத்தியின் முதுகை அதன் மேல் சாய்த்தார். மப்பு வானம், நிழலும் இல்லை, வெயிலும் இல்லை. மலையிலிருந்து பால் வாளியோடு இறங்கிய அனிற்றா தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவிசாவளை பஸ் வந்து நின்றது, இறங்கினவர்கள் போகவில்லை. கண்டக்டர் "யமு, யமு" என்று கிளம்ப அவசரப்படுத்திக்கொண்டே தானும் எட்டிப் பார்த்தான்.

முதலில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை இரும்பு. பிறகு முதுகோரத்தில் ஒரு நீலக் கோடு தோன்றியது. அதற்கு முன்னால் மங்குஸ்தான், அதற்கும் முன்னால் கடுஞ்சாயம், எல்லாவற்றுக்கும் முன்னால் இளஞ்சாயம். நாலும் கைகோர்த்த மாதிரி வாயை நோக்கி நடந்து வந்தன. யாரும் பூசவில்லை, யாரும் ஊற்றவில்லை. வெறும் சூடும் இரும்பும் பகலும். நான் ஆயிரம் துணி பார்த்தவள். அப்படி ஒரு நிறத்தை நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. பஸ்ஸில் இருந்து இறங்கிய ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

"ஏறிருச்சு," என்றார் அக்கா.

"தெரியிது," என்றார் அண்ணன். "எனக்குத் தெரியிது சுப்பம்மா." கத்தியைத் தண்ணீரில் போட்டார்.

நிஸார் பட்டடையை ஏற்றாமலே போனார். போகும்போது தன் காலால் முட்டுக்கல்லை இன்னும் இறுக்கிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் விடியற்காலையில் நான் கடையைத் திறக்கவில்லை. அண்ணனும் அக்காவும் அனிற்றாவோடு ரப்பர் மலைக்குப் போனார்கள், நானும் பின்னால் போனேன். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொண்டோம். இலைகளிலிருந்து இரவு மழை சொட்டி முடிந்திருந்தது, மரப்பட்டை காய்ந்திருந்தது. அனிற்றா முதல் மரத்தின் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கத்தியை மேல் மூலையில் வைத்து, சரிவில் கீழே இழுத்தாள்.

சத்தமே வரவில்லை. பட்டை ஒரு மெல்லிய நாடாவாக, எங்கும் அறாமல், சுருண்டு கீழே விழுந்தது. வெட்டின கோட்டில் புள்ளி புள்ளியாக வெள்ளை அரும்பியது. அரும்பினது சேர்ந்து கோடாகி, சரிவில் ஓடி, தகட்டைத் தாண்டிச் சிரட்டையில் விழுந்தது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் நூல் கனத்துக்கு ஓர் ஈரப்படலம் இருக்கிறது. அதைத் தொடாமல் வெட்ட வேண்டும், தொட்டால் மரத்துக்குக் காயம். அவள் அதற்கு மேலேயே, அதைத் தொட்டும் தொடாமலும் போயிருந்தாள். நான் குனிந்து அந்த நாடாவை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் அதற்குள்ளால் தெரிந்தது.

அண்ணன் சிரித்துக்கொண்டே அடுத்த மரத்துக்கு நடந்தார். அதற்கடுத்த மரத்துக்கும் நடந்தார். அங்கே நின்றுவிட்டார்.

அந்த மரத்தின் வெட்டுமுகத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பியிருந்தது. பக்கத்து மரத்திலும் அப்படியே. வரிசையாக, கண்ணுக்கெட்டிய வரை, அங்கொன்றும் இங்கொன்றுமாக மருந்து பூசிய மரங்கள். சிலவற்றில் தோட்டத்துச் சிவப்புப் பெயின்ட் கோடும் இருந்தது. காயம் கண்டுபிடித்தால் மேற்பார்வை பார்க்கிற வெளிக்கள ஐயா போடுகிற அடையாளம். அண்ணன் ஒரு மரத்தில் காய்ந்த சாணியைப் பெயர்த்துப் பார்த்தார். உள்ளே கட்டை வரை கிழிந்திருந்தது. வாய் உதிர்ந்த கத்தி போட்ட காயம் என்று எனக்கே தெரிந்தது.

"இதெல்லாம்..." என்றார். "இதெல்லாம் என் கத்தியா?"

அனிற்றா அடுத்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெரட்டுல ஒன்னயத் திட்டினாங்களா?"

"கொஞ்சம்."

"அரைப் பேர் போட்டு சம்பளத்த வெட்டினாங்களா?"

"சில நாள் மாமா. இனியும் காயம் போட்டா பால்வெட்டுலேருந்து எடுத்து புல்லு வெட்டுக்குப் போடுறேன்னாங்க. அதுக்கு அப்பறம்தான் பஸார் கத்தி வாங்கினேன்."

"கத்தி சரியில்லன்னு சொல்லியிருக்கலாமே. ஏம்மா சொல்லல?"

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு யோசித்தாள்.

"கத்தின்னு சொன்னா ஒங்களப் பேசுவாங்க. கைன்னு சொன்னா என்னைய மட்டும்தானே பேசுவாங்க. எனக்குப் பேச்சு வாங்கிப் பழக்கம் மாமா. ஒங்களுக்குப் பழக்கமில்லையே."

சுப்பம்மா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். நேற்று அந்த நிறங்கள் நடந்து வந்ததைப் பார்த்து வாய் பிளந்தவள் நான். அதெல்லாம் என்ன? இந்தப் பிள்ளை மூன்று மாதம் எங்கள் நடுவில் ரொட்டி சுட்டாள், தண்ணீர் சுமந்தாள், மாமா கத்தி மாதிரி வராது என்று சிரித்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அந்த நேரம் ரவுண்டு வந்த வெளிக்கள ஐயா மேல் பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். இளம் ஆள், அவருக்கு மேலேயும் தொரை இருக்கிறார். மரத்தடியில் இத்தனை பேரைக் கண்டதும், "என்ன, இன்றைக்கும் காயமா?" என்று அனிற்றாவைப் பார்த்துக் கேட்டார்.

நாகலிங்கம் அண்ணன் யாருக்கும் தலை குனியாத மனுஷன், சவால் விட்டுத்தான் பழக்கம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"ஐயா, இந்தக் காயமெல்லாம் நான் போட்டதுங்க."

"நீங்க எப்ப மரம் வெட்டினீங்க நாகலிங்கம்?"

"நான் வெட்டல. என் கத்தி வெட்டுச்சு. பதம் கெட்ட கத்திய நல்ல கத்தின்னு சொல்லி இவ கையில குடுத்தது நான். இவ கையில ஒரு பிழையும் இல்ல. நாளைக்குப் பெரட்டுல எல்லாரும் இருக்கிறப்ப இத நானே வந்து சொல்றேன். இவளத் திட்டினது எத்தன பேரு கேட்டாங்களோ அத்தன பேரும் கேக்கணும்."

ஐயா மரத்தைப் பார்த்தார், புதிதாக வெட்டிய கோட்டில் ஓடுகிற பாலைப் பார்த்தார். "நாளைக்குப் பெரட்டுக்கு வாங்க," என்றார்.

பெரட்டில் பேச்சு வாங்கியபோது அழாத அனிற்றா அப்போது அழுதாள். சத்தமில்லாமல், முன்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். வெயில் ஏறினால் பால் இறங்காது, இன்னும் முழு வரிசையும் இருந்தது. கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.